டெரிக்கும் மச்சான் பிடித்த கைப்பிடியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் போன வாரம் மகளோடு பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்தில் எழும்பும் புதுக் கட்டடத்தின் கிரேனிலிருந்து டீசல் புகை வந்தது. இந்த ஊரில் மற்றவர்களுக்குப் பால்கோவா வாசனை. எனக்கு டீசல்தான் பழைய நாட்களைக் கொண்டுவரும். பிழைத்த பிழைப்பு அப்படி. “நான் வேலைக்குச் சேந்தப்ப இந்த கிரேனெல்லாம் ஏது? டெரிக்னு ஒண்ணு வச்சிருந்தோம்” என்றேன். மகள் போனில் தேடிப் பார்த்துச் சிரித்தாள்.

“அப்பா, டெரிக்குங்கிறது லண்டன்ல தூக்குப் போட்ட ஆளோட பேரு. மொதல்ல தூக்குமரத்துக்கு வந்துச்சு, பொறவுதான் சாமான் தூக்குற மெஷினுக்கு.”

அந்த நாளில் ராஜபாளையத்தில் கிணறு ஆழப்படுத்தும் கான்ட்ராக்டரிடம் நான் சூப்பர்வைசர். அதாவது, நோட்டோடு நிழல் தேடுகிறவன். அங்கே ஒரு வழக்கம்: கிணற்றுக்குள் இறங்குகிறவனின் மச்சான்தான் மேலே டெரிக்கின் கயிற்றுக்குப் பொறுப்பு. தங்கையின் தாலியை எவன் அறுப்பான்?

தேவதானத்துக் கிணற்றில் வேட்டு வைக்க முத்தையா இறங்கினார். மேலே அவர் மச்சான் பெருமாள். இருவருக்கும் பத்து நாளாகப் பேச்சில்லை. முத்தையா அடித்ததில் பெருமாளின் தங்கை அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டாள். “வேற ஆளப் போடவா?” என்று கேட்டேன்.

“பேச்சுதான் சார் இல்ல. கயிறு நாந்தான்.”

திரியைப் பற்றவைத்து, கயிற்றில் தொங்கிய தொட்டியில் ஏறி முத்தையா குரல் கொடுத்தார். பாதிக் கிணறு வந்ததும் டெரிக்கின் எஞ்சின் நின்றுவிட்டது. இனிக் கைப்பிடி போட்டுத்தான் சுற்ற வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். இரண்டாவது ஆள் நான். நானோ புளியமரத்துக்குப் பின்னால் இருந்தேன். எப்போது ஓடினேன் என்று இன்றுவரை தெரியாது.

பெருமாள் ஒற்றை ஆளாகச் சுற்றினார். முத்தையா கரையேறி, இருவரும் விழுந்தடித்து ஓடிய பிறகு வெடித்தது. கல் விழுந்து ஓய்ந்ததும், தோல் உரிந்த கையால் முத்தையாவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார் பெருமாள்.

“ஏலே, இது எந் தங்கச்சிய அடிச்சதுக்கு. சாயங்காலம் வந்து அவ கால்ல விழு. அவ வந்தா கூட்டிட்டுப் போ.”

“வாரேன் மச்சான்” என்று முத்தையா அழுதார்.

நான் மெல்லப் போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார். நீங்க என்ன மச்சானா?” என்றார் பெருமாள். வைதிருந்தால் மறந்திருப்பேன்.

இதை நான் நினைத்துக்கொண்டு நிற்கையில், புதுக் கட்டடத்துக் குழியிலிருந்து இரண்டு ஆட்களைத் தூக்கிவிட்டு, கிரேன் டிரைவர் எங்கள் பக்கம் டீ குடிக்க வந்தார். அவர்கள் யார் என்று கேட்டேன். “தெரியல சார். ஏஜென்சி ஆளுங்க.”

எங்கள் டெரிக் என்றைக்கோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மச்சானைக் கூப்பிடும் வழக்கமும் அதோடு போயிற்று. தூக்குப் போட்டவன் பெயர் அகராதியில் இருக்கிறது. தூக்கிவிட்ட பெருமாளின் பெயரை எந்த மெஷினுக்கும் யாரும் வைக்கவில்லை.