துளி எடை குறைந்தால் ஊருக்கு வெளிச்சம்

எங்கள் கடலை மில் களத்தில் மல்லாட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் மலர் திண்டிவனத்திலிருந்து போன் செய்தாள். "அப்பா, மாமா போயிட்டாருப்பா" என்றாள். மாமா என்றால் அவளுடைய மாமனார், என் சம்பந்தி ஞானசேகரன். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். விழுப்புரத்தில் கார் ஏறியது நினைவிருக்கிறது. விக்கிரவாண்டி டோல்கேட் எப்போது போனது என்று தெரியவில்லை.

கடலோர அணுமின் நிலையத்தில் உலையை இயக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். என் படிப்பைச் சொல்லவே வேண்டாம். பத்தாம் வகுப்பு அறிவியலில் நான் தேறியதற்கு எங்கள் வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

மலரைப் பெண் பார்க்க வந்த அன்று, எங்கள் வாசற்படியில் ஏறியதும் அவர் நின்றார். பாதங்களைச் சமமாக வைத்து, உள்ளங்கைகளை முன்னால் நீட்டி, கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு உள்ளே போனார். எதிர்கொண்டு அழைத்துவரப் போயிருந்த என் அண்ணன், இது மாப்பிள்ளை வீட்டு வழக்கம் என்று நினைத்துத் தானும் அப்படியே நின்றார். அவருக்குப் பின்னால் அண்ணி, பங்காளிகள், பூப்பந்தோடு வந்த என் கொழுந்தியாள் என்று வரிசையே கையை நீட்டிக்கொண்டு நின்றது. திரும்பிப் பார்த்த சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார்.

"அய்யோ, இது சாமி வழக்கம் இல்லீங்க! வேலை முடிஞ்சி வெளிய வரப்போ கதிர்வீச்சுத் தூசி கை கால்ல ஒட்டிக்கினு இருக்குதான்னு மெஷின்ல வெச்சிப் பாப்பாங்க. வாசப்படியைக் கண்டா கை தானா நீளுது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. பெண்ணைக் கொடுத்தால் நாளைக்குப் பேரப்பிள்ளை எப்படிப் பிறக்கும்? மலருக்கோ பையனைப் பிடித்துவிட்டது. நான் ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுப் பதில் சொல்லாமல் இழுத்தேன்.

அடுத்த வாரம் அவரே மில்லுக்கு வந்துவிட்டார். "எது இடிக்குது, ஜாதகமா அணுவா? சொல்லிடுங்க" என்றார். சொன்னேன். கோபித்துக்கொள்ளாமல் ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்தார்.

"யுரேனியம் அணுவோட கரு இதுன்னு வெச்சிக்குங்க. நியூட்ரான்னு ஒண்ணு வந்து மோதுனா ரெண்டாப் பொளக்கும். அப்ப ரெண்டு மூணு நியூட்ரான் தெறிச்சிப் போயி பக்கத்துல இருக்கறதைப் பொளக்கும். ஒடஞ்சது, தெறிச்சது அத்தனையும் வாரித் தராசுல போடுங்க. முன்ன இருந்ததைவிடத் துளி கம்மியா இருக்கும்."

"எங்க மில்லுல எடை கம்மியானா, எடை போட்டவனைத்தான் புடிப்போம்."

"அங்க யாரும் திருடலீங்க. அந்தத் துளிதான் சூடா மாறுது. சூட்டுல தண்ணி ஆவியாயி, ஆவி சக்கரத்தைச் சுத்தி, உங்க மெஷினுக்குக் கரன்ட்டா வருது."

மல்லாட்டை உடைக்கும் மெஷின் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அதன் பக்கத்திலேயே நின்றவன், அன்றுதான் அதை வாயைப் பிளந்து பார்த்தேன்.

"அப்ப சூரியனும் ஒடையுதா?"

"அது சேருதுங்க. சின்னச் சின்னக் கருவா சேந்துக்கினே இருக்குது. அங்கயும் துளி எடை போவுது, அதான் வெயிலு. அதை இங்க பண்ணிக் கரன்ட் எடுக்கத்தான் உலகமே தலையால தண்ணி குடிக்குது. ஒண்ணை ஒண்ணு கிட்ட அண்டவே விடாது."

"சம்பந்தம் பேசற மாதிரி."

"ஆமா, நீங்க கொஞ்சம் அண்ட விட்டாத் தேவலை!"

களத்தைப் பார்த்தேன். நான் மல்லாட்டை காயவைக்க, எங்கோ ஒன்று தன் எடையைக் கரைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் வெயில் இலவசம் என்றுதான் இத்தனை நாள் சொல்லியிருப்பேன்.

"எல்லாம் சரிங்க. பயம் போவலியே" என்றேன்.

"போவ வேணாம். என் புள்ளைங்க மூணு பேரும் நான் வேலையில சேந்தப்புறம் பொறந்தவங்கதான், நல்லாத்தான் இருக்காங்க. ஆனாலும் தெனம் பயந்துக்கினுதான் போனேன். பயந்தவன்தான் மெஷின்ல கையை வெச்சிப் பாப்பான். பயப்படாதவன்கூட நான் வேலை செய்ய மாட்டேன்."

பயமே இல்லை என்று அடித்துப் பேசியிருந்தால் நான் பெண்ணைக் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது மலருக்கு ஏழாம் மாதம். சம்பந்தியின் காரியம் முடிந்து மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பினார். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அப்பனை அணு தின்னுட்டுது. புள்ளையையும் அனுப்பறியா?"

"டாக்டர் மாரடைப்புன்னு சொல்லிட்டாருங்க. எங்க மில்லு மேஸ்திரியும் அதுலதான் போனாரு. அவரை மல்லாட்டையா தின்னுச்சி?"

பெரியவர் துண்டை உதறிக்கொண்டு நகர்ந்தார். மலர் என் பக்கத்தில் வந்து, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்: "நெசமாவே உனக்கு பயம் இல்லியாப்பா?"

"இருக்குதும்மா."

அவள் தலையாட்டினாள். மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். சம்பந்தியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பயம்தான். கூடவே இருக்கிறது, வழியை மட்டும் மறிப்பதில்லை. "பாத்துப் போங்க மாப்ளே" என்று சொல்லி ஒதுங்கி நின்றேன்.