கரைவலைக்காரரை வாய்மூடச் சொன்னோம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு வைகாசி மாதக் காலையில், திருகோணமலை சல்லிக் கடற்கரையில் நடந்தது இது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நானும் என் மச்சாளும் சேர்ந்து கணினியில் இசை செய்கிறவர்கள். அவள் வீடு பாலையூற்றில், என் வீடு அன்புவழிபுரத்தில். இருவருக்கும் கந்தோரில் மேசை வேலை. லீவு நாட்களில் மைக்கைத் தூக்கிக்கொண்டு கடல், மழை, தவளை என்று எதையாவது பதிந்து, வெட்டி ஒட்டி, தாளம் போட்டு இணையத்தில் விடுவோம். எங்கள் இசையில் மனிதக் குரல் வரக்கூடாது, இயற்கை மட்டும்தான் என்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். அதில் எங்களுக்குப் பெருமை வேறு.

கொழும்பில் ஓர் இசை நிகழ்ச்சியில் முதன்முறையாக எங்களுக்கு இடம் கிடைத்திருந்தது. புதுப் பாட்டை அடுத்த நாளே அனுப்ப வேண்டும். கையில் இருந்த கடல் சத்தம் ஒன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றில் மோட்டார் சைக்கிள், இன்னொன்றில் நாய். இருப்புக் கொள்ளவில்லை எனக்கு. காலை வெள்ளெனவே மச்சாளை இழுத்துக்கொண்டு சல்லிக்குப் போனேன்.

அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலில் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் இரண்டு அணியாக நின்று இழுப்பார்கள். வலையின் அடி மணலை விட்டுக் கிளம்பாமல் பார்க்க ஒருவர் பின்னால் நீந்தி வருவார். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, இரு பக்கமும் சேர்ந்து குரல் கொடுத்து இழுக்கும். ஈரக் கயிறு முறுகும் சத்தமும், அலை மணலில் உரசும் சத்தமும். அதுதான் எனக்கு வேண்டியது. பாட்டுத்தான் அதை மூடிவிட்டது.

பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். வலைக்குப் பொறுப்பானவரிடம் நேரே போனேன்.

"அண்ணை, ஒரு அஞ்சு நிமிஷம் பாடாமல் இழுக்க ஏலுமே? சத்தம் பதியப் போறம்."

மச்சாள் என் கையைக் கிள்ளினாள். "சும்மா வாடி, அவையள் வேலை செய்யினம்."

அவருக்கு மறுக்க மனம் வரவில்லை போலும். "ஓம் தங்கச்சி, அஞ்சு நிமிஷம்தானே," என்றவர், மற்றவர்களைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டே அடங்கினார்கள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவ்வளவு தெளிவான சத்தத்தை நான் அதுவரை பதிந்ததே இல்லை. ஐந்து நிமிடம் முடிந்தது எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டியபடி நின்றேன்.

பாட்டு இல்லாததால் ஒரு பக்கத்துக்கு மற்றப் பக்கத்தின் வேகம் பிடிபடவில்லை. ஓர் அணி முந்திவிட்டது. வலை ஒரு பக்கம் சரிந்து, அதன் அடி மணலை விட்டுக் கிளம்ப, மீன் அந்த வழியால் நழுவத் தொடங்கியது. வலைக்குப் பின்னால் நீந்தி வந்தவர் அதைக் கண்டு, எச்சரித்துத் தூரத்திலிருந்து கத்தினார். கரையில் யாருக்கும் அது எட்டவில்லை. கடலைப் பார்த்து வைத்திருந்த மைக் வழியாக எனக்கு மட்டும் கேட்டது. பதிவு பழுதாகிவிட்டதே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மீன் சேரும் வலை மடி கரைக்கு வந்தபோது பாசியும் இரண்டு கை மீனும்தான் இருந்தன. மீன் வாங்கச் சைக்கிளோடு காத்து நின்றவர்கள் வெறும் பெட்டியோடு திரும்பினார்கள். காற்று மாறிவிட்டதால் அன்று மறுபடி வலை போடவும் ஏலாது என்றார்கள். அத்தனை வீட்டு அடுப்புக்குமான ஒரு நாள் உழைப்பு என் அவசரத்தில் போயிருந்தது.

ஒருவரும் ஏசவில்லை. பொறுப்பானவர் என்னிடம் வந்து, "சத்தம் சரியா வந்துதோ தங்கச்சி?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணை, அவர் கத்தினது எனக்குக் கேட்டது," என்றேன்.

"சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார். அவ்வளவுதான். நனைந்த வலையை உதறப் போய்விட்டார். நாங்களும் போய்க் குனிந்து பாசி பொறுக்கினோம், வேறென்ன செய்வது.

கொழும்புக்கு நாங்கள் ஒன்றும் அனுப்பவில்லை. இசையை விடவுமில்லை. ஆனால் மைக்கை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மனம் அந்தரப்படுகிறது. கேட்கத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி நானே பெருமை பேசியவள். ஒரு மனிதன் எச்சரித்துக் கத்தியதை நான் மட்டுமே கேட்டும், அதை இரைச்சல் என்று நினைத்தவளும் நான்தான்.