ஏலம் போன ஐந்தாம் இடம்

பூப்பந்து ஆடுவதற்கு ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும். களத்துக்குத் தண்ணீர் தெளிக்க ஒரே ஆள் போதும் என்று எங்கள் ராஜபாளையம் கிளப்பில் எல்லாரும் ஏகமனதாக நம்பினார்கள். அந்த ஒரே ஆள் நான். பதவியின் பெயர் செக்ரட்டரி.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. பகலெல்லாம் பஞ்சுக் கடையில் கணக்கெழுதிவிட்டு, சாயங்காலம் தென்னந்தோப்பை ஒட்டிய எங்கள் மைதானத்துக்கு ஓடுவேன். கிணற்றில் இறைத்து, புழுதி அடங்கத் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டு, வலையைக் கட்டி நிமிரும்போது மற்றவர்கள் தலை வாரிக்கொண்டு வந்து சேருவார்கள். அவர்கள் ஆடி முடிப்பதற்குள் பந்து கண்ணுக்குத் தெரியாதபடி இருட்டிவிடும். உதவிக்கு ஆள் சேர்க்க நான் செய்யாத தந்திரம் இல்லை. சீக்கிரம் வருகிறவர்களுக்கு மொச்சைச் சுண்டல் என்று அறிவித்தேன். வந்தார்கள், தின்றார்கள். குடத்தைக் கண்டதும் ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்னொருவனுக்கு வீட்டில் மாடு அவிழ்ந்து கிடப்பது ஞாபகம் வந்தது.

எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஒரு தடவையாவது வெளியூர் ஆட்டத்தில் கிளப்புக்காக இறங்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டபோது எங்கள் கேப்டன், "ஏலே, இந்தத் தடவை நீதான் அஞ்சாவது ஆளு" என்றார். கேப்டன் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அன்றே வேட்டியைத் துவைத்து வைத்தேன்.

ஆனால் வலை கந்தலாகியிருந்தது. பேட்டுகளில் பாதிக்கு நரம்பு அறுந்து போயிருந்தது. நன்கொடை கேட்டு வீடு வீடாகப் போனேன். "பெரியவிய ஊருக்குப் போயிருக்காவ" என்ற பதில், உள்ளே இருந்து பெரியவர் குரலிலேயே வந்தது.

வாத்தியார்தான் வழி சொன்னார். அவர்கள் வேதக் கோயிலில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு ஆளுக்கொரு பொருளைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடுவார்களாம். ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, பொருளை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிடுவாராம். ஒரே பூசணிக்காய் ஊரைச் சுற்றிச் சுற்றிச் சம்பாதித்துக் கொடுக்கும். எங்களுக்குக் கசக்குமா?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்திலேயே ஏலம் வைத்தோம். ஏலம் விட்டது நான். முன்வரிசை பெஞ்சில் என் பஞ்சுக் கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். பருத்த சரீரம், வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். முதல் பூசணிக்காயை அவரே எடுத்து, வீட்டுக்கு அனுப்ப வண்டிக்காரனைக் கூப்பிட்டார். வாத்தியார் ஓடிப்போய்க் காதில் வழக்கத்தைச் சொன்னார். "சரே, சரே" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்தவர், அதே காயை இன்னொரு முறையும் எடுத்து, இன்னொரு முறையும் கொடுத்தார். ஆளுக்கு விளையாட்டு பிடித்துவிட்டது.

எலுமிச்சை, சேவல், தேங்காய்க் குலை எல்லாம் சுற்றி முடிந்தும் வலைக்குத்தான் தேறியது, பேட்டுக்குத் தேறவில்லை. அப்போது வாத்தியார் உற்சாகத்தில் எழுந்து, "ஸ்ரீவில்லிபுத்தூர் ஆட்டத்துல அஞ்சாவது ஆளு எடம், ஏலத்துக்கு!" என்று கூவிவிட்டார். "சார், அது என் எடம்!" என்றேன். அவரோ என் பக்கம் குனிந்து, "பயப்படாதலே, எடுக்கிறவிய திருப்பிக் குடுத்துருவாவ. வழக்கம்லா?" என்றார்.

முதலாளி கேட்டார். யாரும் எதிர்க்கவில்லை. பொறுக்க முடியாமல், ஏலம் விட்ட நானே என் மாசச் சம்பளம் பூராவையும் கேட்டேன். அந்தச் சம்பளத்தைக் கொடுக்கிறவரோடு போட்டி போடுகிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சம்பளத்தப் பத்திப் பொறவு பேசுவோம் தம்பி," என்று அவர் மேலே ஏற்றினார். "நீ தரத்தச் சொல்லு."

ஒரு தரம், ரெண்டு தரம் சொன்னேன். மூணாம் தரத்தை, ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னேன். பிறகு எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம், திருப்பிக் கொடுப்பதற்காக.

"இத நான் குடுக்க மாட்டேன்," என்றார் முதலாளி. "பூசணிக்கா என் தோட்டத்துலயே கெடக்கு. சின்ன வயசுலருந்து ஓரத்துல நின்னு வேடிக்கதான் பாக்கேன். ஒரு பய என்னைய ஆடக் கூப்பிட்டதில்ல."

எனக்கு அழுகையே வந்தது. அவர்மேல் கோபப்பட முடியவில்லை, அதுதான் பெரிய எரிச்சல்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் நடந்த அந்த ஆட்டத்தில் படுதோல்வி. முதலாளி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு பந்து வராத திசையெல்லாம் ஓடினார். ஒரே ஒரு பந்து அவர் பேட்டில் பட்டு வலையைத் தாண்டியது. எதிர்க்கட்சிக்காரர்களே கை தட்டினார்கள். நான் துண்டுகளைச் சுமந்துகொண்டு ஓரத்தில் நின்றேன், கை தட்டவில்லை.

மறுநாள் சாயங்காலம் மைதானத்துக்குப் போனால், எனக்கு முன்னால் முதலாளி கிணற்றடியில் இறைத்துக்கொண்டிருக்கிறார்! "டீம் ஆளுன்னா இதையும் செய்யணும்லா?" என்றார். அவ்வளவு பெரிய மனிதர் குடம் தூக்கும்போது மற்றவர்கள் எப்படிச் சும்மா நிற்பது? பாதிப் பேருக்கு அவர் கடையிலோ அவருடைய சம்பந்தி கடையிலோதான் வேலை. இடுப்புப் பிடித்தவன் நிமிர்ந்தான்; மாடு அவிழ்ந்தவன் கோடு போட்டான். என் சுண்டலால் ஆகாத காரியம் ஒரு நாளில் நடந்துவிட்டது. வெயில் இன்னும் மிச்சம் இருந்தது.

"செக்ரட்டரி, சும்மாதான நிக்கே? உள்ள வா," என்றார் வாத்தியார்.

இறங்கினேன். முதல் பந்து என்னை நோக்கி நேராக வந்தது. வீசினேன், காற்றில் பட்டது. இரண்டாவது வலையில் விழுந்தது. மூன்றாவது தென்னந்தோப்புக்குள் போனது. தண்ணீர் தெளிக்கிற வேலை மட்டும் இல்லாவிட்டால் நான் பெரிய ஆட்டக்காரன் என்று அதுநாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன். "பந்தப் பாரு தம்பி, பேட்டப் பாக்காத!" என்று ஓரத்திலிருந்து முதலாளி பாடம் நடத்தினார், ஒரே ஒரு ஆட்டம் ஆடிய அனுபவத்தில்.

வெளியே அடுத்த ஆள் காத்திருக்கிறான் என்று வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்னார். இருட்டும்வரை எனக்குக் காது கேட்கவில்லை.