செடிக்கு வந்த வெயில்

எங்கள் சித்தப்பாவுக்கு ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யத் தெரியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். சைக்கிளுக்கு எண்ணெய் போடுகிறேன் என்று பிரித்துப் போடுவார். பிறகு அதைச் சாக்கில் அள்ளிக்கொண்டு அறந்தாங்கிக்குப் போய்க் கடையில் கொடுத்துப் பூட்டிக்கொண்டு வருவார். கோழிக்குக் கூண்டு செய்தால் கோழி வெளியே நிற்கும், கீரிப்பிள்ளை உள்ளே போய்விடும். பெரியப்பா அவரைத் திட்டுவதை விட்டு வெகுநாள் ஆகியிருந்தது. என் அப்பா மலாயாவில் இருந்தார். ஆகையால் வீட்டில் ஆண்கள் என்றால் முகத்தில் சிரிப்பே வராத பெரியப்பாவும், சிரிப்பைத் தவிர வேறொன்றும் வராத சித்தப்பாவும்தான். இந்த அண்ணன் தம்பிகளுக்கெல்லாம் கடைசித் தங்கைதான் என் அத்தை.

அத்தைக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் நிறையவில்லை, மாமா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். எனக்கு அப்போது எட்டு வயது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் புருஷனை இழந்த பெண் ஒரு வருஷம் மூலையில் உட்கார வேண்டும். விடிவதற்கு முன் கொல்லைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால், பிறகு பொழுதுக்கும் ஓர் அறைக்குள்தான். வாசலுக்கு வரக்கூடாது, வெளியாட்கள் கண்ணில் படக்கூடாது. முறைப்படி இதை மாமியார் வீட்டில்தான் இருந்து கழிக்க வேண்டும். பெரியப்பா அங்கே போய்க் கைகட்டி நின்று, முறையில் ஒரு குறையும் வராமல் எங்கள் வீட்டிலேயே நடத்துகிறோம் என்று வாக்குக் கொடுத்து அத்தையைக் கூட்டி வந்தார். குறை வந்தது என்று காதில் விழுந்தால் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போய்விடுவோம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அம்மா அடுப்படியில் இதைச் சொல்லி மூக்கைச் சிந்தியபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

அத்தைக்கு ஒதுக்கியது நெல் குதிர் இருந்த உள்ளறை. ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் பகலிலும் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் ஆளைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் போகலாம் என்பதால் நான் போவேன். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலி தாண்டியவள் அத்தை. கண்மாயில் நீந்தக் கற்றுக்கொடுத்தவள். அவள் இப்போது ஒரு பாயில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதலில் என்னிடம் வெளியுலகச் செய்தி கேட்பாள்.

"கண்மாயில தண்ணி எதுவரைக்கும் கெடக்கு? நாவமரம் பழுத்துருச்சா?"

நான் பார்த்ததும் பார்க்காததுமாகச் சொல்லுவேன். பிறகு அந்தக் கேள்விகளும் நின்றுபோயின. சோற்றுத் தட்டு வைத்தபடியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அத்தை எப்போது வருவாள் என்று எனக்கு ஏக்கமாக இருக்கும்.

"இந்தப் புள்ள அவுக போன எடத்துக்கே போயிரும்போல இருக்கு" என்று ஒருநாள் அம்மா பெரியப்பாவிடம் சொன்னாள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். வாக்குக் கொடுத்தவர் அவர்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா சைக்கிள் கேரியரில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அந்தக் காலத்துப் பெரிய பாட்டரிகளுக்கு வைக்கும் கனத்த கண்ணாடிப் பெட்டி அது. பழைய சாமான் கடையில் கிடைத்ததாம். பட்டணத்தில் ஒரு வக்கீல் வீட்டில் இப்படித்தான் மீன் வளர்க்கிறார்களாம். தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். ஆற்று மணலைப் பரப்பினார். கண்மாயிலிருந்து வேலம்பாசியும் நீளநீள இலையோடு கொட்டிச் செடியும் பிடுங்கி வந்து நட்டு, கெண்டைக் குஞ்சுகளை விட்டார். பெரியவர்கள் எல்லாம் இழவு விழுந்த வீட்டில் இது என்ன விளையாட்டு என்பதுபோலப் பார்த்தார்கள்.

"கூடத்துல வச்சா ஆட்டுக்குட்டி முட்டிரும்ணே. வாசல்ல வச்சாத் தெருப்புள்ளைக ஒடைச்சிரும். குதிரு இருக்கிற உள்ளுலதான் வைக்கணும்" என்றார் சித்தப்பா.

"எங்கிட்டாவது வச்சுத் தொல" என்றார் பெரியப்பா.

தொட்டிக்கு என்னை அதிகாரி என்று சித்தப்பா நியமித்தார். தண்ணீர் குறைந்தால் ஊற்றுவது, பழுத்த இலையை எடுப்பது, செடியின் நிலவரத்தைத் தினமும் அவரிடம் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. எனக்கு அதுவரை யாரும் எந்தப் பொறுப்பும் கொடுத்ததில்லை. நான் அதை மிகவும் கடுமையாக எடுத்துக்கொண்டேன்.

நிலவரம் நன்றாக இல்லை. வேலம்பாசி வெளிறி, கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு, நூலாக மேலே போனது. கொட்டி இலைகள் ஓரத்தில் கரைந்தன. சித்தப்பா நிலைப்படிக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்துவிட்டு, தங்கைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"செடிக்கு வெளிச்சந்தான் சோறு. இருட்டுல அது வெளிச்சத்தத் தேடித்தேடியே மெலிஞ்சு போகும்."

உடனே ஓர் அரிக்கேன் விளக்கு வந்தது. அத்தை அறையில் முணுக்கென்று எரியும் ஓர் அகல் தவிர வேறு விளக்கு வைக்க விட்டதில்லை. செடிக்கு என்றபோது அம்மா மறுக்கவில்லை. ஆனால் அரிக்கேன் விளக்கைச் செடி மதிக்கவேயில்லை. இரண்டு வாரம் பார்த்துவிட்டு, சித்தப்பா கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடும் பெட்ரோமாக்ஸ் ஒன்றைத் தூக்கி வந்து உள்ளறையில் ஏற்றிவிட்டார். அது புஸ்ஸென்று இரைந்துகொண்டு, குதிரின் கீறல் முதல் அத்தையின் கை நரம்பு வரை எல்லாவற்றையும் காட்டியது. எங்கள் தெருவுக்கு இன்னும் கரண்டு வராத காலம். அவ்வளவு வெளிச்சத்தில் அத்தையை வெகுநாளைக்கப்புறம் பார்த்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். பூச்சிகள் வந்து தொட்டியில் விழுந்தன. மீன்களுக்கு மட்டும் விருந்து.

"இருக்கிற நெலமைக்குக் கல்யாண வெளக்கு ஒண்ணுதான்டா கொறச்சல்" என்றார் பெரியப்பா. பெட்ரோமாக்ஸ் மறுநாள் காலையிலேயே திரும்பிப் போனது.

அடுத்தது கண்ணாடி. நான் முற்றத்து வெயிலில் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். திறந்த கதவு வழியாக வெயில் உள்ளே போய்த் தொட்டியில் விழ வேண்டும். செடி பிழைக்க வேண்டுமானால் கதவைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். என் கை சும்மா இருக்குமா? வெயில் சுவரில் ஓடியது, குதிரில் ஏறியது, தொட்டியைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. ஒருமுறை அத்தையின் முகத்தில் விழுந்தது. கண்கூசும் என்று நான் கண்ணாடியைத் திருப்பப் போனேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு முகத்தை மட்டும் திருப்பாமல் வைத்திருந்தாள். தெருவில் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டதும் அம்மா ஓடிவந்து கதவைச் சாத்தினாள். கதவைத் திறந்து வைக்கும் ஏற்பாடு அன்றோடு முடிந்தது.

கடைசியில் சித்தப்பா அறந்தாங்கியிலிருந்து வைக்கோல் சுற்றி ஒரு கண்ணாடி ஓடு வாங்கி வந்தார். கூரையில் ஒரு சீமை ஓட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைச் சொருகிவிட்டால் மழை வராது, வெயில் மட்டும் வரும். பெரியப்பா அதைக் கையில் வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"செடிக்குத்தானே?" என்று கேட்டார்.

"செடிக்குத்தாண்ணே."

தம்பியின் எந்த வேலைக்கும் பக்கத்தில் வராத பெரியப்பா அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டார். நான் உள்ளே நின்று, சித்தப்பா கூரையிலிருந்து கயிற்றில் கட்டி இறக்கிய கல் எங்கே வருகிறது என்று பார்த்தேன். கல் அத்தையின் பாய்க்கு நேராக வந்தது.

"தொட்டி அங்கிட்டு இருக்கு சித்தப்பா" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு கழுத" என்று மேலேயிருந்து பதில் வந்தது. அவருக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியாதா?

நான் பயந்தபடியே ஆயிற்று. உச்சிப்பொழுதுக்கு ஒரு முறத்தளவு வெயில் கூரையிலிருந்து இறங்கி, தொட்டிக்கு நல்ல தூரத்தில், அத்தையின் பாயில் அவள் மடிமீது உட்கார்ந்தது. அதில் தூசி மினுங்கியது. அத்தை உள்ளங்கையை அதில் வைத்துப் பார்த்தாள். பிறகு புறங்கையை வைத்துப் பார்த்தாள். அன்றைக்குத் தட்டில் சோறு மிஞ்சவில்லை. எனக்குத் தட்டைப் பற்றிய கவலை இல்லை, செடியைப் பற்றித்தான் கவலை. இப்போதும் எந்த வீட்டிலாவது கண்ணாடி ஓட்டைக் கண்டால், அதன் கீழே விழும் வெயிலில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரத் தோன்றுகிறது. அந்த மடி இனிக் கிடைக்காது என்று தெரிந்தும் தோன்றத்தான் செய்கிறது.

சித்தப்பா தப்பாக அளந்து ஓடு வைத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். கிணற்றடியில் சொன்னேன். கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அது நடந்து நடந்து ஆவுடையார்கோவிலைத் தாண்டி அத்தையின் மாமியார் வீடுவரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் வில்வண்டி கட்டிக்கொண்டு அந்த மாமியார் அம்மாவே வந்துவிட்டார்கள்.

அம்மா கொண்டுவந்த தண்ணீர்ச் செம்பை அவர்கள் கையில் வாங்கவில்லை. நேராக உள்ளறைக்குப் போனார்கள். சரியாக உச்சிப்பொழுது. மடியில் வெயிலோடு இருந்த அத்தை அவர்களைக் கண்டதும் எழுந்து சுவரோரம் ஒடுங்கிக்கொண்டாள். வெயில் மட்டும் வெறும்பாயில் கிடந்தது. அவர்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார்கள், பாயைப் பார்த்தார்கள்.

"என்ன தம்பி இது?"

பெரியப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். சித்தப்பாதான் முன்னால் வந்து, "செடிக்குங்க" என்றார்.

"செடி அங்கிட்டு இருக்கு. வெயிலு இங்கிட்டுல்ல விழுகுது?"

அம்மா என் தோளை இறுகப் பிடித்திருந்தாள். கடைசியாக நியாயம் தெரிந்த ஒரு பெரியவர் இந்த வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கையை உதறிக்கொண்டு முன்னால் போனேன்.

"சித்தப்பா தப்பா அளந்துட்டாங்க. அவுங்களுக்கு ஒரு வேலையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது. நான் அன்னைக்கே சொன்னேன், யாரும் கேக்கல. இந்தச் செடியப் பாருங்க, எப்புடி வெளுத்துப்போச்சுன்னு. நீங்களாவது பெரியப்பாகிட்டச் சொல்லி ஓட்ட மாத்தி வைக்கச் சொல்லுங்க."

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தொட்டிக்குப் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்து, கரைந்துபோன கொட்டி இலையைப் பார்த்தார்கள். சுவரோரம் நின்ற மருமகளின் வெறுங்கையைப் பார்த்தார்கள்.

"சாப்புடுறாளா?" என்று அம்மாவிடம் கேட்டார்கள்.

"இப்பத்தாங்க கொஞ்சம் சாப்புடுது. ஓடு வச்சதுலருந்து" என்று சொல்லிவிட்டு அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா தரையில் கையை ஊன்றி எழுந்து, பெரியப்பாவிடம் திரும்பினார்கள்.

"தப்பா அளந்தா அளந்துட்டுப் போகுது. அதுக்காகத் திரும்ப ஏறி எறங்கி நல்ல ஓட்டையும் ஒடைக்க வேணாம். இருக்கட்டும்."

கூடத்துக்கு வந்து செம்பை வாங்கி மடமடவென்று தண்ணீர் குடித்தார்கள். வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள். எனக்குப் பெருத்த ஏமாற்றம். கண்ணெதிரே தப்பைப் பார்த்துவிட்டு இருக்கட்டும் என்று சொல்கிறவர்களை வைத்துக்கொண்டு எந்தச் செடியைத்தான் காப்பாற்ற முடியும்?

வீட்டு மனிதர்களும் அன்றைக்கு விசித்திரமாக நடந்துகொண்டார்கள். வந்தவர்களுக்கு முன்னால் சித்தப்பாவை அப்படி மட்டந்தட்டியதற்கு முதுகில் விழும் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்னைத் தலைக்குமேல் தூக்கி, தாடி குத்தக் குத்த முத்தம் கொடுத்தார். பெரியப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தலைவலியாக இருக்கும் என்று நினைத்து, அவருக்குச் சுக்குக் காப்பி போடச் சொல்லி அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

இவர்களை நம்பிப் பயனில்லை என்று நானே உள்ளறைக்குப் போனேன். வெயில் பாயின் ஓரத்துக்கு வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் சுவரில் ஏறிவிடும். போகிற வழியில் அது தொட்டியின் ஒரு மூலையையாவது தொட்டுவிட்டுப் போகும், அத்தை மறைக்காமல் இருந்தால். ஆனால் அத்தை மறுபடியும் வெயிலுக்குள் வந்து, அது நகர நகரத் தானும் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, கொஞ்சம் தள்ளிக்கங்க. செடிக்கு வெயில மறைக்கிறீங்க" என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னைக்கு ஒருநா நான் இருந்துக்கிறேன்டி. நாளைக்குச் செடிக்கு விட்டுர்றேன்" என்றாள்.

சரி, ஒருநாள்தானே என்று விட்டேன். மறுநாளும் போய்க் கேட்டேன். அப்போதும் அதையேதான் சொன்னாள். அதற்கு மறுநாளும் அதேதான். வாயில்லாத ஒரு செடிக்கென்று வாங்கிப் போட்ட வெயிலை, இவ்வளவு பெரியவள் கொஞ்சமும் கூசாமல் தானே எடுத்துக்கொள்வதா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நிலைப்படியில் அத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எத்தனை தடவை கூப்பிட்டும் திரும்பவே இல்லை.