தருமனின் மூன்று பேட்டரிகள்

தருமனின் கார் செங்கம் ரோட்டில் நட்டநடுவில் நின்றுபோனது, காபி குடிக்க வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள் தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது யமுனாவுக்குச் சிரிப்புகூட வரவில்லை. ஊரிலேயே பெரிய பேட்டரிக் கடை வைத்திருக்கிற ஆளின் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பதினோரு வருஷம் அந்தக் கடையில் பில் போட்டவள் அவள். அங்கே யாருக்கு எவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியும். கடைப் பசங்களில் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது.

நெல்லும் வேர்க்கடலையும் பயிர் போடுகிற சமணக் குடும்பத்துப் பெண் யமுனா. பி.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு தருமன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள். ஒரு வருஷம் கடைக்குப் புது சார்ஜர் ஒன்று வந்து இறங்கியது. வெறுமனே சார்ஜ் ஏற்றுகிற பெட்டி இல்லை அது. பேட்டரியை முழுக்க ஏற்றிவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால், அதில் உயிர் இருக்கிறதா என்று சொல்லும். இன்ஜினை ஓடவிட்டு இன்னொரு பொத்தானை அமுக்கினால், ஓடும் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் தருகிற ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்றும் சொல்லும். அதோடு வந்த புத்தகத்தைப் படித்தது யமுனா ஒருத்திதான். தருமனைப் பொறுத்தவரை ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க இன்னொரு சாமான் கூடியிருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது பொத்தான்மேல் ஒட்டியிருந்த தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை.

அடி அண்ணாமலையிலிருந்து இளநீர் ஏற்றிவரும் வேடியப்பனின் லோடு ஆட்டோவைச் சோதிக்கத்தான் அவள் முதல்முதலாக அந்தத் தாளை உரித்தாள்.

"அண்ணா, பேட்டரி நல்லாதான் இருக்கு. ஆல்டர்னேட்டர்தான் சார்ஜ் குடுக்கல."

தருமன் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தான். "உன்ன யாரும்மா டெஸ்ட் பண்ணச் சொன்னது? பில்லு போடுறதோட நிறுத்திக்க."

வேடியப்பன் புது பேட்டரி வாங்கிப் போனான். நாற்பது நாள் கழித்து இன்னொன்று வாங்க வந்தான். "என் நேரம் சரியில்லம்மா, ராகு படுத்துறான்" என்றான். யமுனாவுக்குத் தருமனைவிட இவன்மேல்தான் எரிச்சல் ஜாஸ்தியாக வந்தது. காதில் சொன்னதை விட்டுவிட்டு கிரகத்தைத் திட்டுகிறான். மறுநாள் அவள் வேலையை விட்டாள்.

ஆறு மாதம் செய்யாற்றில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் நின்று ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பூட்டப் பழகினாள். போளூர் ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை பிடித்தாள். அதே மாதிரி சார்ஜர் மூன்று வாங்கினாள்.

"ஆம்பள யாரும் இல்லியா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"இருக்காரு, வீட்ல சோறாக்குறாரு. நீங்க வண்டியக் காட்ட வந்தீங்களா, ஆம்பளயப் பாக்க வந்தீங்களா?"

பாதிப் பேர் போய்விடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

செங்கம் ரோட்டுச் சம்பவம் நடந்த மூன்றாம் நாள் தருமனே வந்தான், காரை இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. பின் கண்ணாடி முழுக்க அவன் கடைப் பெயர். காருக்குள் ஒரு பேட்டரி, டிக்கியில் இரண்டு.

"பசங்க ரெண்டு தரம் புதுசு மாத்திட்டாங்கம்மா. மூணுமே செத்துப்போச்சு. கம்பெனிக்காரன் மட்டமான சரக்கா அனுப்புறான்."

"செத்துதுனு யாரு சொன்னா?"

"வண்டி எடுக்கலியே!"

யமுனா மூன்றையும் இறக்கி மூன்று சார்ஜரில் போட்டாள். "நாலு மணி ஆவும். உக்காருங்க."

"வண்டிய கொஞ்சம் உள்ள தள்ளிடலாமா?"

"இடமில்ல சார்."

இடம் இருந்தது. ஆனாலும் காலை பத்து மணியிலிருந்து அந்தக் கார் அவள் கடை வாசலிலேயே பின்பக்கத்தை ரோட்டுக்குக் காட்டி நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள்கூடக் குனிந்து பின் கண்ணாடியைப் படித்தார்கள். தருமன் போனைக் காதில் வைத்தபடி, யாரோடும் பேசாமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நாலு மணிக்கு ஒவ்வொன்றாக டெஸ்ட் பண்ணிக் காட்டினாள். மூன்றுமே நல்ல பேட்டரி. ஒன்றைக் காரில் பூட்டி இன்ஜினை ஓடவிட்டு, சார்ஜர் கிளிப்பை மாட்டி, ஹெட்லைட்டையும் ஏசியையும் போடச் சொன்னாள். பதினாலுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய வோல்ட் பன்னிரண்டே கால் காட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது.

"மெஷின் தப்பா காட்டுது போல."

"உங்க கடையிலயும் இதே மெஷின்தான் சார். போய் அதுல பாருங்க."

அவன் போகவில்லை. அவள் ஆல்டர்னேட்டரைக் கழற்றினாள். உள்ளே சுழல்கிற சுருளுக்குக் கரண்ட் கொண்டுபோகிற கார்பன் துண்டு தேய்ந்து நகத்துணுக்கு அளவுக்கு நின்றிருந்தது. புதுசு போட்டுப் பூட்டியதும் வோல்ட் பதினாலைத் தொட்டு அசையாமல் நின்றது.

"சின்னத் துண்டும்மா! இதுக்கா?"

"இதுக்குதான். இது மாதிரி எத்தன பேரோட நல்ல பேட்டரிய செத்துதுனு வாங்கிப் போட்டீங்க சார்?"

தருமனின் முகம் வெளுத்தது. "அண்ணாமலையார் சாட்சியா வேணும்னு பண்ணலம்மா. எனக்குத் தெரியாது. வண்டி எடுக்கலன்னா பேட்டரி போச்சுனுதான் நானும் நெனச்சேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று யமுனாவுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷமாக அவனைத் தெரிந்தே ஏமாற்றுகிற திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். திருடனாக இருந்திருந்தால் ஒரு தொழிலாவது தெரிந்திருக்கும். இந்த ஆளிடமா பதினோரு வருஷம் கைகட்டி நின்றோம் என்று இருந்தது.

"நம்ம கடைக்கே மேனேஜரா வந்துடும்மா" என்றான், சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு.

"வேணாம் சார். டிக்கியச் சரியா சாத்துங்க, திறந்திருக்கு."

இரண்டு வாரம் கழித்துத் திருமலை என்கிற டூரிஸ்ட் கார் டிரைவர் வந்தான். தருமன் கடை வாசலில் பெரிய பேனர் கட்டியிருக்கிறார்களாம்: ஆல்டர்னேட்டர் பரிசோதனை இலவசம்.

"டெஸ்ட் பண்ணாங்களா?"

"பண்ணாங்கக்கா. மெஷின்லாம் மாட்டி, பொத்தான அமுக்கினாங்க."

"இன்ஜின ஓடவிட்டுதான?"

"இல்லியே. ஆஃப் பண்ணச் சொன்னாங்க."

"பேட்டரி மாத்தணும்னு சொல்லியிருப்பாங்களே?"

"ஆமாக்கா."

"மாத்திட்டியா?"

திருமலை ரோட்டுப் பக்கம் பார்த்தான். "மாத்திட்டேன். இன்னிக்குக் காலையில மறுபடியும் எடுக்கல."

அவள் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள்.