வடிந்த ஆற்றில் மந்தையை இறக்கியது

"வாத்துதானே, நீந்தாதா?" மந்தையை ஆறு அடித்துக்கொண்டுபோன கதையை எங்கே சொன்னாலும் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஏழாவதோடு படிப்பை விட்டேன். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன். எதிலும் நிலைக்கவில்லை. பிறகு ஏழுமலை அண்ணனின் வாத்து மந்தையோடு நடந்தேன். அவருக்கும் அவர் மனைவி அஞ்சலை அக்காவுக்கும் நிலம் கிடையாது. அந்த மந்தைதான் சோறு.

வாத்துக்காரர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மலையில் மழை கொட்டி ஆறு ஒருமுறை கரைபுரண்டுவிட்டால், அந்த வருடம் மறுபடி வெள்ளம் வராது. வடிந்த குட்டைகளில் நத்தையும் சிறுமீனும் கிடக்கும். தைரியமாக மந்தையை உள்ளே இறக்கலாம்.

அந்த ஐப்பசியில் கோமுகி ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தது. கச்சிராயபாளையத்துக்குக் கீழே இறக்கினோம். காலையில் முட்டை எடுக்க வந்த கள்ளக்குறிச்சி பாய் மலைப்பக்கம் பார்த்தார்.

"இன்னா ஏழுமல, மேல கருத்துக்கினு கீது. மந்தைய மேட்டுக்கு ஏத்துப்பா. போன்லயும் மழ ஜாஸ்தின்னு வந்துக்கினு இருக்குது."

"வந்த ஆறு மறுபடி வருமா பாய்? உன் போனுக்கு வேற வேல இல்ல."

"அப்பல்லாம் வராது. இப்ப ஆத்துக்கு யாரு கணக்கு சொல்றது?"

"ஏத்திடலாங்க" என்றார் அக்கா.

"நல்லா மேயுது, வுடு."

மதியம் முதலில் நுரையும் சருகும் வந்தன. பின்னாலேயே செந்தண்ணீர். நாங்கள் கரையேறிவிட்டோம். மந்தை மொத்தமும் மிதந்து ஆற்றின் வளைவை நோக்கிப் போனது. பதறிப்போன அண்ணன், மாலையில் பட்டிக்கு அழைப்பதுபோல "பா... பா... பா..." என்று கத்தினார்.

வாத்துகள் திரும்பின. பழகிய குரலை நோக்கி எதிர்நீச்சல் போட்டன. கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே கால் அடித்தன. பிறகு களைத்து ஒவ்வொன்றாக அமிழ்ந்தன.

"கூப்பிடாதீங்க! அதுங்க போவட்டும், வுடுங்க!" அக்கா அவர் வாயைப் பொத்தினார். அதற்குள் பாதிக்கு மேல் மூழ்கிவிட்டன.

மறுநாள் ஆற்று வளைவில் இருந்த கரும்புத் தோட்டத்துக்குள் சில வாத்துகள் ஒதுங்கி உயிரோடு கிடைத்தன. முன்னாலேயே போய்விட்டதால் அண்ணனின் குரல் எட்டாதவை அவை.

மிச்சத்தை விற்றுவிட்டு இருவரும் செங்கல் சூளைக்குப் போனார்கள். நான் இன்னும் வேறு மந்தைகளோடு நடக்கிறேன். ஒரே மழைக்காலத்தில் ஆறு இரண்டு முறை வருவதை அதற்குப் பிறகும் பார்த்துவிட்டேன். பூமி சூடேறி மேகம் அதிகத் தண்ணீர் சுமக்கிறது என்கிறார்கள். புதிதாக மந்தை ஓட்டுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆறு வந்து போனாலும் மந்தையை மேட்டிலேயே வைத்திருங்கள். தண்ணீர் வாத்துகளைக் கொண்டுபோனால், கூப்பிடாதீர்கள்.