கேமராவுக்குப் பின்னால் நின்று செய்த பிழைகள்

ஆவணப்படம் எடுக்கிறவனை எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கல்யாண வீடியோக்காரன் என்று நினைப்பார்கள். சினிமா விமர்சனம் எழுதுகிறவனை வேலை கிடைக்காதவன் என்று நினைப்பார்கள். நான் இருபது வருஷமாக இரண்டும். பாராட்டு வாங்கிய கதைகளையெல்லாம் மேடையில் சொல்லியாயிற்று. சொல்லாமல் விட்டவை இவை. உங்கள் வேலையிலும், நினைத்தாலே முகம் சுருங்குகிற மாதிரி இரண்டு மூன்று இருக்கும். அந்த உறவில்தான் சொல்கிறேன்.

மைக்

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிற பெண்களைப் பற்றி ஒரு படம். அவர்களில் கோமதியக்காவுக்கு அறுபது வயது இருக்கும். இரண்டு நாளாக அப்பளத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை. மூன்றாம் நாள் மாவை உருட்டிக்கொண்டே, ஆற்றில் வெள்ளம் வந்த வருஷம் கணவர் குளிக்கப் போய்த் திரும்பாததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். படித்துறையில் அவருடைய துண்டு மட்டும் மடித்து வைத்தபடி இருந்ததாம். பெற்ற பிள்ளைகளிடம்கூட இதைப் பேசியதில்லையாம். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

அப்போதுதான் பார்த்தேன். அவர் சேலையில் குத்தியிருந்த மைக்கை நான் ஆன் செய்யவே இல்லை. நியாயமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். "அக்கா, சத்தம் பதிவாகல. இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்று கேட்டேன்.

கோமதியக்கா அடுத்த மாவு உருண்டையைக் கையில் எடுத்தார். "சொல்லிருதேன் தம்பி. அழுகை திரும்ப வருமான்னுதான் தெரியல. வரலைன்னா பரவாயில்லையா?"

ஒரு வரி

கல்லூரியில் என்னோடு படித்தவன் சுடலைமுத்து, ஆழ்வார்குறிச்சிக்காரன். பத்து வருஷம் உதவி இயக்குநராக அலைந்து ஒரு படம் எடுத்தான். 'இடைவேளையில் குடித்த டீ மட்டும் சூடாக இருந்தது' என்று விமர்சனத்தில் எழுதினேன். அந்த வரியை ஊரே எடுத்துப் போட்டுச் சிரித்தது. எனக்கு ஒரு வாரம் தலைகால் புரியவில்லை. அவனுக்கு இரண்டாவது படம் அமையவே இல்லை.

போன வருஷம் திசையன்விளையில் ஒரு பெயிண்ட் கடைக்குள் நுழைந்தால், கல்லாவில் அவன். நாற்காலி இழுத்துப் போட்டான், குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தான். மன்னிப்புக் கேட்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, "நீரு எழுதுனது சரிதாம்வே" என்று அவனே ஆரம்பித்தான். முன்பெல்லாம் என்னை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவான்; இந்த 'நீரு' என்கிற மரியாதை புதுசு.

"எங்கம்மைக்குப் படிக்கத் தெரியாதுல்லா. பேப்பர்ல மவன் பேரு வந்திருக்குன்னு வாசிச்சுக் காட்டச் சொன்னா. அந்த ஒரு வரிய மட்டும் மாத்தி வாசிச்சேன்."

முன்வரிசை

ஒரு கடற்கரைக் கிராமத்தில் அந்தோணி அண்ணாச்சி நான்கு நாள் எங்களைத் தன் வள்ளத்தில் கடலுக்குக் கூட்டிப் போனார். சாப்பாடு அவர் வீட்டில். மனம்விட்டுப் பேசினார். ஆனால் படம் நீண்டுவிட்டது. அவர் வந்த பகுதி முழுவதையும் வெட்டினேன். போன் செய்து சொல்லியிருக்கலாம். நாளை, நாளை என்று தள்ளினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் கோயில் பக்கத்து மண்டபத்தில் படத்தைத் திரையிட்டோம். அண்ணாச்சி புதுச்சட்டை போட்டு, மனைவி, மகள்கள், மருமகன்களோடு முன்வரிசையில் இருந்தார். படம் ஓடிய ஐம்பது நிமிஷமும் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்தது. கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தது. அவர் மனைவி மட்டும் எழுந்திருக்கவில்லை.

அண்ணாச்சி பைய என்னிடம் வந்தார். குரலில் கோபமே இல்லை. "தம்பி, படம் முடிஞ்சிட்டுன்னு நீங்களே அவகிட்ட சொல்லுங்க. நான் இனிமத்தான் வருவேன்னு உக்காந்திருக்கா."

ஊரார் படத்தில் உள்ள பிழையை முதல் ரீலிலேயே கண்டுபிடித்துவிடுகிற எனக்கு, என் பிழை தெரிய மட்டும் எப்போதும் எதிராளி வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது.